குண்டு கிராமத்துத் தோப்பில் தேடலாமா?

பழம்பொருள் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்மா, கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தாத்தா காலத்தில் கிணறு வெட்டியபோது ஈயக் குண்டுகளும் பீங்கான் துண்டுகளும் வந்தன என்று வீட்டில் சொல்வார்கள். என் மைத்துனர் இப்போது ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது தேடலாம் என்று அவசரப்படுகிறார். பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது. தேடலாம்தானே?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: உங்கள் தோப்பின் மேல் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. அது எப்படிப்பட்ட மண் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. நிலத்தின் எல்லையை அளக்கச் சங்கிலியோ கோலோ பயன்படுத்தவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனி நிலம் என்று பேச்சு. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு வந்து 1752 வரை இங்கேயே இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1783 ஜூனில் கடலூரைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மறுபடி மோதினார்கள். ஆகவே தாத்தா கிணற்றில் வந்த ஈயக் குண்டு கட்டுக்கதையாக இருக்க வேண்டியதில்லை.

அந்தக் குண்டைப் பற்றியே பேசுவோம், உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. அந்தக் கால ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கிக்கு ஏறக்குறைய 17.5 மி.மீ. குண்டு. பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு அதைவிடச் சிறியது, 16 மி.மீ.யை ஒட்டி இருக்கும். உருண்டையாகவே இருந்தால் அநேகமாகச் சுடாமல் கைதவறி விழுந்தது. ஒருபக்கம் நசுங்கியிருந்தால் எதன்மீதோ மோதியது. இப்போது பாருங்கள்: தோப்பின் வடக்கு ஓரத்தில் ஒரே வரிசையாக நசுங்காத பெரிய குண்டுகள், தெற்கே சிதறலாக நசுங்கிய பெரிய குண்டுகள் என்று கிடந்தால், ஆங்கிலேயர் வரிசை எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்துச் சுட்டது என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு நாள் காலை அந்த மண்ணில் அப்படியே இருக்கிறது. அத்தனையையும் உங்கள் மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோண்டி எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டால், மிச்சம் இருப்பது கிலோக் கணக்கில் விற்கும் ஈயம்.

மெட்டல் டிடெக்டர் மீது எனக்குப் பகை கிடையாது. ஆனால் அது உலோகத்துக்கு மட்டும்தான் கத்தும். பீங்கான், பாட்டில் கண்ணாடி, மணி, எலும்பு, சுங்கான் (புகைக்குழாய்) துண்டு எதுவும் அதற்குத் தெரியாது. சோடா மூடிக்கும் வராகன் பொற்காசுக்கும் ஒரே ஆர்வத்தோடு ஓட வைக்கும். கத்திய இடத்தில் மண்வெட்டியைப் போட்டால் மேலே உள்ள அடுக்குகள் முதல் வெட்டிலேயே கலைந்துவிடும்.

அடுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் ஊருக்கு வடக்கே உள்ள அரிக்கமேட்டைப் பாருங்கள். அங்கே பிரெஞ்சுக் காலத்துச் சமயக் கட்டடத்தின் இடிபாடும் நிற்கிறது, அதற்கு அடியில் ரோமானிய வணிகத்தின் தடயமும் இருக்கிறது. மணிகளைப் பல காலமாகப் பலரும் பொறுக்கியிருக்கிறார்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதுதான், காலம் தெரிந்த ரோமானியப் பானை ஓடு எந்த அடுக்கில் கிடைக்கிறது என்று பார்த்து, அதே அடுக்கில் கிடந்த உள்ளூர் ஓடுகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியாவின் பல இடங்களுக்குக் காலக்கணக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

சரி, சட்டம். பட்டா உங்களுடையது என்பதால் அடியில் உள்ளதெல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் 1878-இல் எழுதிய அதே தொகை, இன்னும் மாற்றவில்லை. இன்றைக்கு ஒரு செப்புக்காசுகூட அதைத் தாண்டிவிடும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது தவிர, தோப்பு பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதிக்குள் வந்தால் உரிமம் இல்லாமல் அகழவே கூடாது. மத்திய தொல்லியல் துறையின் சின்னம் என்றால் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. உங்கள் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போய் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ஒன்றுமே செய்யக் கூடாதா? நிறையச் செய்யலாம், அதுவும் மண்வெட்டி இல்லாமல். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை தோப்பில் மெதுவாக நடங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பீங்கானும் கண்ணாடியும் தானே மின்னும். எலி வளையிலிருந்து வெளியே தள்ளிய மண், தென்னைக்குப் பாத்தி எடுத்த மண், கிணற்றடி மேடு இவற்றை விடாமல் பாருங்கள்; அடியில் இருப்பதை நீங்கள் தோண்டாமலே அவை மேலே கொண்டுவந்து வைத்திருக்கும். மரங்களுக்கு எண் போடுங்கள். நிலத்தின் எஃப்.எம்.பி. படத்தை (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) நகலெடுத்து, எந்த மரத்தடியில் என்ன பார்த்தீர்கள் என்று அதில் குறியுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். பல பேர் போட்டோவை மட்டும் எடுத்துவிட்டு இடத்தை எழுத மறந்துவிடுகிறார்கள்; எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இடக்குறிப்பைத்தான் கேட்பேன்.

எங்காவது சுண்ணாம்புக் காரையோடு செங்கல் வரிசை தெரிந்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். மண்ணை மூடிவிட்டு, கடலூர் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரைப் போய்ப் பாருங்கள். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இவ்வளவு ஆர்வம் உள்ள ஒருவரை மேற்பரப்பு ஆய்வு செய்யும் குழுக்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் எங்கள் பூர்வீக வீட்டை இடித்தபோது சுவருக்குள் ஒரு செம்புச் சொம்பில் வெள்ளி ரூபாய்கள் இருந்தன. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை. தாத்தா யுத்த காலத்தில் பயந்து மறைத்திருப்பார் என்று அத்தை சொல்கிறார். இது மண்ணில் கிடைத்ததில்லையே, இதையுமா சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சொல்ல வேண்டும், அம்மா. மண்ணில் மறைந்தது மட்டுமல்ல, மண்ணோடு பொருத்தப்பட்ட எதிலும் மறைந்திருப்பது புதையல் என்றுதான் சட்டம் சொல்கிறது. சுவரும் அதில் அடங்கும்.

ஆனால் பயப்படாதீர்கள். இந்தச் சட்டம் நினைப்பதைவிட நியாயமானது. ஆட்சியர் அறிவிப்புக் கொடுப்பார். உரிமை கோருவோர் வரலாம். கடந்த நூறு ஆண்டுக்குள் தங்கள் குடும்பத்தவர் மறைத்து வைத்தது என்று உங்களால் காட்ட முடிந்தால், நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட அவகாசம் தரப்படும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் இருப்பதால், 1911-க்கு முன் அந்தச் சொம்பை யாரும் மறைத்திருக்க முடியாது என்பது உறுதி. அதிலேயே மிகப் புதிய நாணயம் எந்த ஆண்டு என்று தேடிப் பாருங்கள், அத்தை சொல்வதற்கு அதுதான் முதல் சாட்சி. வேறு யாரும் உரிமை கோராமல், உரிமையாளர் இல்லாதது என்று அறிவிக்கப்பட்டால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, இடத்தின் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். இவையெல்லாம் முறைப்படி தெரிவித்தவருக்குத்தான். மறைத்தவர் பங்கை இழந்துவிடுவார்.

சொம்பைக் கழுவாதீர்கள். உள்ளே துணி நூலோ காகிதமோ ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்ததுதான். சுவரின் எந்த உயரத்தில், எந்த அறையில் இருந்தது என்று இடித்த கொத்தனாரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அவர் வேறு ஊரில் வேலைக்குப் போயிருப்பார்.

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1856-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபைப் பாதிரிமாருக்குக் கிடைத்த நிலத்தில் ஒரு பெரிய மரத்தை வெட்டியபோது அடியில் வெண்கலப் புத்தர் சிலைகள் வந்தன. அதற்குப் பிறகு 1930-கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலுமாகச் சுமார் 350 பௌத்த வெண்கலங்கள் வெளிவந்தன. பலவற்றை இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், மற்றவை உலகத்தின் பல மூலைகளுக்குப் பிரிந்து போய்விட்டன. அந்தப் பாதிரிமாருக்கு இடம் கொடுக்க 1867-இல் இடிக்கப்பட்டதுதான் சீனர் கோபுரம் என்று சொல்லப்பட்ட பழைய செங்கல் கோபுரம். அது இன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைக்காமல் அந்த ஊரை என்னால் கடக்க முடிவதில்லை.

கேள்வி: தரங்கம்பாடிக் கடற்கரையில் அலை ஒதுக்கிய சின்னச் செப்புக்காசு ஒன்று கிடைத்தது. ஒருபக்கம் கிரீடம், அதன் கீழே சி போன்ற எழுத்து, உள்ளே 7. பச்சையாகப் படிந்திருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?
– ஒரு வாசகர், பொறையாறு

பதில்: உங்கள் கையில் இருப்பது டேனிஷ் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் கூட்டெழுத்து. அவர் ஆண்டது 1766 முதல் 1808 வரை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கால் வைத்தார்கள்; 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் முதலில் ஈயத்திலும் பிறகு செம்பிலும் இந்தக் காசுகளை அடித்தார்கள். சந்தையில் கீரைக்கட்டும் உப்பும் வாங்கிய சில்லறை இது. பெரிய விலை போகாது, ஆனால் தரங்கம்பாடியின் அன்றாட வாழ்க்கைக்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடையாது.

சுத்தம் செய்வது பற்றி: புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், சாம்பல் வேண்டாம், பல் துலக்கும் பசையும் வேண்டாம். அருங்காட்சியக நாணயப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் பளபளவென்று தேய்த்த காசுகளை மக்கள் பெருமையோடு கொண்டுவந்து நீட்டுவார்கள். எழுத்து பாதி போயிருக்கும். அந்தக் கெட்டியான கரும்பச்சைப் படிவு காசுக்குக் கவசம்; எழுத்தின் விளிம்பு அதில்தான் பிழைத்திருக்கிறது. கடலில் கிடந்த காசுக்குள் உப்பு ஏறியிருக்கும் என்பது மட்டும்தான் உண்மையான கவலை. பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கும் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வையுங்கள், நீரைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பொறுமையாகப் பல வாரம். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வெளிறிய பச்சையில் பவுடர் போல உதிர ஆரம்பித்தால் காசை உள்ளிருந்து அரிக்கும் நோய் அது, உடனே அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். காட்டும்போதே, எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள். கடற்கரையில் எந்த இடம், எந்தப் புயலுக்குப் பிறகு என்பதும் முக்கியம். அதற்காகக் கோட்டைச் சுவர் ஓரத்தில் மணலைக் கிளறக் கூடாது.

கேள்வி: கம்பெனி காலத்து 1818 அணா, ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம். நாலு லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா? கூடவே ஒரு செம்புக் கலசமும் இருக்கிறதாம், இடி விழுந்து இரிடியம் ஆனதாம், அரிசியை இழுக்குமாம்.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், சேலம்

பதில்: இரண்டுமே மோசடி. தயவுசெய்து ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சாமி படம் போட்டு 1818-இல் அணா அடிக்கவில்லை. சென்னை மாகாணத்துக்காக அது அடித்த செப்புக்காசைப் பார்த்திருக்கிறீர்களா? 1803-இலும் 1808-இலும் இங்கிலாந்தில் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்த 20 காசு, 10 காசு. ஒருபக்கம் சிங்கங்களோடு கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தில் மதிப்பு. நல்ல கனமான, நேர்த்தியான காசு. அசலே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

1808 போட்டுப் புதிது போலத் தெரிகிறதே, போலியோ என்று சந்தேகப்படவும் வேண்டாம். சென்னைக்கு இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அங்கிருந்து எடுத்த காசுகள் நாணயச் சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. நம் சந்தைக்கு வர வேண்டிய காசு, ஒருநாளும் புழங்காமல் கடலுக்கடியில் கிடந்தது.

கலசம் பற்றி: இடி விழுந்து செம்பு இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகமாக ஆகாது. கம்பெனி முத்திரை குத்திய செம்புப் பாத்திரம் என்று காட்டி, காந்தம் தடவி, இரும்புத்தூள் கலந்த அரிசியை இழுக்கவைப்பது இவர்களுடைய பழைய வித்தை. இதில் வீட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டதிலேயே தயக்கம் தெரிகிறது. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை பார்க்கக் கல்லூரியிலிருந்து போயிருந்தோம். ஏரிப் பக்கம் வெள்ளையாகக் குச்சி போல, நடுவில் ஓட்டை உள்ள துண்டுகள் கிடந்தன. சாக்பீஸ் என்று தோழி சொன்னாள். அவை என்ன? கல்லறைக் கல்வெட்டில் சுண்ணாம்பு தடவிப் படித்தால் தவறா?
– ஒரு மாணவி, பொன்னேரி

பதில்: அவை சாக்பீஸ் இல்லை, சுங்கான் தண்டு. வெள்ளைக் களிமண்ணில் செய்து சுட்ட புகைக்குழாய். எளிதில் உடையும், உடைந்தால் எறிந்துவிடுவார்கள். அதனாலேயே ஐரோப்பியர் இருந்த இடங்களில் நிறையக் கிடைக்கும். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை பழவேற்காடுதான்.

இதில் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. காலம் போகப் போகத் தண்டின் ஓட்டையைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தார்கள். ஆங்கிலேயக் குழாய்களில் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் 1954-இல் ட்ரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து இதைக் கணக்கிட்டார். 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் 3 மி.மீ.க்கு மேல், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 2 மி.மீ.க்கும் கீழே. டச்சுக் குழாய்க்கு இந்தக் கணக்கு அவ்வளவாக ஒத்துவராது. அவற்றில் புகையிலைக் கிண்ணத்தின் அடியில் உள்ள சின்னக் குமிழில் செய்தவரின் முத்திரை இருக்கும், அதைத்தான் தேட வேண்டும். ஆனால் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளாமல், கிடந்த இடத்திலேயே ஸ்கேலோடு போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு வாருங்கள்.

சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதுவும் கல்லறையில் தடவக் கூடாது. அது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், கல்லின் நுண்துளையில் போனது திரும்ப வராது. சாயங்காலம் போய், கைப்பேசி விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும் அதே வெளிச்சத்தில் பாருங்கள்.

டச்சு ஆவணங்கள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன. இந்த வேலையில் உண்மையாகவே ஆசை இருந்தால் டச்சு மொழி கற்றுக்கொள், அம்மா. இங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: ஏரி தூர்வாரும்போது பெரிய இரும்பு உருண்டை ஒன்று கிடைத்தது. பஞ்சாயத்து அலுவலக வாசலில் வைத்திருக்கிறோம், பிள்ளைகள் மேலே ஏறி விளையாடுகிறார்கள். பீரங்கிக் குண்டுதானே?
– ஒரு வார்டு உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: பிள்ளைகளை முதலில் விலக்குங்கள். பீரங்கிக் குண்டு என்றால் திட இரும்பாகவும் இருக்கலாம், உள்ளே வெடிமருந்து அடைத்த கூடாகவும் இருக்கலாம். மேலே எங்காவது வட்டமான துளையோ, துளையை அடைத்த முளையோ தெரிந்தால் இரண்டாவது வகை. பழைய மருந்து நமத்துப் போயிருக்கும் என்று நம்பக் கூடாது. தட்டிப் பார்க்காதீர்கள், துருவை அரம் கொண்டு ராவாதீர்கள், வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். துளை கண்ணில் படாவிட்டாலும் துரு மூடியிருக்கலாம். இன்றைக்கே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், வெடிகுண்டு பிரிவினர் வந்து பார்க்கட்டும். அவர்கள் திட இரும்பு என்று சொன்ன பிறகு விஏஓ மூலம் வட்டாட்சியருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ஏரியின் எந்தக் கரை, எத்தனை அடி ஆழம் என்று மறக்காமல் சேருங்கள். பொக்லைன் ஓட்டியவருக்கு அது தெரிந்திருக்கும்.